தும்மல் பெயர் சொன்ன அடைமழைக் காலம்

ஐப்பசி பதினெட்டாம் நாள், வியாழக்கிழமை, முற்பகல் பத்தே கால் மணி. மூன்று நாளாக விடாத அடைமழை துகில்பட்டித் திருமண மண்டபத்தின் தகரக் கூரையில் உலக்கை போட்டுக்கொண்டிருந்த அந்த வேளையில், நிச்சயதார்த்த ஓலையை வாசித்து முடிக்குமுன், பெண்ணின் தாய் கோமதியம்மாள் தும்மினாள். தும்மிய வாய் மூடுமுன், ஏலம் கூறுபவரின் தெளிவோடு, "உலகநாதன்" என்று தன் கணவரின் பெயரைச் சொன்னாள்.

மண்டபம் அதிர்ந்தது. தும்மலுக்குப் பேச்சு வந்துவிட்டதே என்பதற்காக அல்ல. அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. இருபத்தாறு ஆண்டு இல்லறத்தில், வாக்காளர் பட்டியல் எழுத வந்த அதிகாரியிடம்கூட 'பிள்ளைகளுக்கு அப்பா' என்று மட்டும் சொல்லி, பெயர் சொல்லப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்ட ஒரு குடும்பப் பெண், இருநூறு பேர் கூடிய சபையில், மரியாதைக்கு ஒரு 'அவர்கள்' கூட ஒட்டாமல், கட்டிய கணவனின் பெயரை மொட்டையாகச் சொல்லிவிட்டாளே என்பதற்காக அதிர்ந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து, "ஒத்தத் தும்மலே ஆகாது, அதுல புருசன் பேரு வேறயா? ஓலைய மடிங்கய்யா" என்றார். பெண்ணின் தாய்மாமன், "பொறுங்க மாமா, இன்னொண்ணு வந்தா ரெட்டையாயிரும்லா" என்றார். சபை பொறுத்தது. கோமதியம்மாள் இன்னொரு முறை தும்மினாள், சகுனம் நேராயிற்று, கணவர் பெயர் மறுபடியும் வந்தது. அவமானம் தாங்காமல் எழுந்த உலகநாதன், சமாதானமாக ஏதோ சொல்ல வாயெடுத்தவர், தாமும் தும்மி, "அரங்கசாமி" என்றார். அது அவர் மேலாளராக வேலை பார்க்கும் மில்லின் முதலாளியுடைய பெயர். முதலாளியின் பெயரை அவர் இல்லாத இடத்திலும் சொல்லாத ஊர் அது. இம்முறை சபையில் பாதிப் பேர் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

மூன்றாம் வரிசையில் இருந்த சண்முகவடிவு சகுனத்தைக் கவனிக்கவில்லை. கோமதியம்மாளின் சிவந்த கண்ணையும், பட்டுக்குள் நடுங்கிய தோளையும், உலகநாதனின் கம்மிய தொண்டையையும் கவனித்தாள். முப்பத்தோராண்டாக அவள் துகில்பட்டியின் அரசாங்கச் செவிலி; ஊரில் முப்பது வயதுக்கு உட்பட்ட எவருக்கும் முதல் ஊசி அவள் போட்டதுதான். பந்திக்கு இலை போடுமுன் அவள் எழுந்து பின்வாசல் வழியாக வெளியேறினாள். சாப்பிடாமல் போனது இரண்டு குடும்பத்துக்கும் அவமரியாதை என்பது அவளுக்குத் தெரியும்; ஆனால் அவள் வீட்டில் சுடலைமுத்து இருந்தார்.

சுடலைமுத்து அவளுடைய கணவர். அரங்கசாமியின் மில்லில், பொதிப்பஞ்சை உடைத்துப் பறக்கவிடும் அறையில், இருபத்தெட்டு ஆண்டு நின்றவர். அவருடைய நெஞ்சுக்குள் எவ்வளவு பஞ்சு படிந்திருந்தது என்பதை ஒருவரும் நிறுத்துப் பார்க்கவில்லை. மூச்சு விட்டால் கிழிந்த விசிறி வீசுவதுபோலச் சத்தம் வரும், அவ்வளவே. "இனி ஒரு கடுங்காய்ச்சலை இந்த நெஞ்சு தாங்காது" என்று பெரியாஸ்பத்திரி மருத்துவர் சொல்லியிருந்தார். ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் போடவேண்டிய தடுப்பூசியையும் எழுதிக் கொடுத்திருந்தார். அது அரசாங்கம் இலவசமாகத் தரும் பட்டியலில் இல்லாதது. பக்கத்து நகரத்துக்குப் போய் வாங்க வேண்டியது. ஊரார் குழந்தைகளுக்கு ஒரு சொட்டு மருந்து ஒரு நாள் தவறினாலும் வாசலில் போய் நிற்கும் சண்முகவடிவு, தன் கணவருக்கான ஊசியை இந்தச் சனிக்கிழமை, அடுத்த சனிக்கிழமை என்று ஆவணியிலிருந்து ஐப்பசிவரை தள்ளிக்கொண்டே வந்திருந்தாள். அன்று மண்டபத்திலிருந்தே மருந்துக் கடைக்குத் தொலைபேசியில் பேசினாள். மழையில் சரக்கு வண்டி வரவில்லை என்றார்கள்.

மறுநாள், ஊர்வரி வாங்கி ஊர்வழக்குத் தீர்க்கும் மகமைச் சங்கம் கூடிற்று. அதற்குள் நாற்பத்தொரு பேர் தும்மியிருந்தார்கள். அவர்களில் பதினேழு பேர் மனைவிமார். பதினேழு கணவர் பெயர்களும் தெருவில் கிடந்தன. எதனால் இது நேர்கிறது என்று சங்கம் கேட்கவில்லை. மனைவி கணவனின் பெயரையும், தொழிலாளி முதலாளியின் பெயரையும் பொதுவிடத்தில் உச்சரிப்பது பண்பாட்டுக்கு ஒவ்வாது. ஆகவே எவரும் வாய் மூக்கை மூடித் துணி கட்டாமல் வெளியே வரலாகாது, தும்மினாலும் துணிக்குள்ளேயே தும்ம வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறிற்று. அடுத்து, தும்மியவரைப் பார்த்து 'நூறு' என்று ஆயுள் வாழ்த்துவது ஊர் வழக்கமாகையால், இனி அந்த நூறு தும்மியவருக்கா, தும்மலில் வந்தவருக்கா என்று இரண்டு மணி நேரம் வாதாடி, ஆளுக்கு ஐம்பது என்று முடிவு செய்து கலைந்தார்கள்.

துணிக்குத் துகில்பட்டியில் பஞ்சமில்லை. ஊரின் இரண்டாயிரம் விசைத்தறிகளும் நெய்வது ஆஸ்பத்திரிக்குப் போகும் காயக்கட்டுத் துணிதான். எவர் எவருடைய புண்ணையோ சுற்றுவதற்கு ஊர் முழுவதும் இரவுபகலாக நெய்த அந்த வெள்ளைத் துணியை, ஊரார் தங்கள் மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தது அதுவே முதல் முறை. அதற்குப் பெயர்த்துணி என்று பெயரிட்டார்கள். பெயரை அடக்கக் கட்டிய துணி, பெயரோடு தெறித்த எச்சில் துளியையும் அடக்கிற்று. மூன்றாம் நாள் புதிதாகக் காய்ச்சல் கண்டவர் பன்னிரண்டு பேர். நான்காம் நாள் ஏழு. ஐந்தாம் நாள் மூன்று. சண்முகவடிவு தன் குறிப்பேட்டில் அந்த எண்களை எழுதி, அடிக்கோடிட்டு, அவர்கள் தவறான காரணத்துக்காகச் சரியான காரியத்தைச் செய்கிறார்கள் என்பதை எவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். அவள் வாழ்நாளில் செய்த மிக நல்ல மருத்துவம் அந்த ஐந்து நாள் மௌனமே.

ஆறாம் நாள் அவள் பேசிவிட்டாள். தப்பும் தவறுமாக ஒன்றை நம்பிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அவளுடைய பிறவியில் இல்லை. குறிப்பேட்டோடு சங்கத்துக்குப் போய், பெண்களுக்கென்று ஒதுக்கிய ஓரத்து நாற்காலியில் அமராமல் நடுவே நின்று, தான் கண்டதைச் சொன்னாள். தறிப்பஞ்சுத் தூசியால் வரும் தும்மல் பெயர் சொல்வதில்லை. சாதாரணச் சளித் தும்மலும் சொல்வதில்லை. திடீரென நடுக்கத்தோடு ஏறி, உடம்பை அடித்துப் போட்டாற்போல வலிக்கவைக்கும் இந்தப் பருவக் காய்ச்சல் மட்டுமே சொல்கிறது. சொல்வது, காய்ச்சலை யார் கொடுத்தாரோ அவருடைய பெயர். தும்மல், இருமல், நெருங்கிய பேச்சு ஆகியவற்றில் தெறிக்கும் துளியில் அது வருகிறது. நோய் தெரிவதற்கு முந்திய நாளே பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடுகிறது. ஆகவே பெயர் தெரிந்தால், யாரிடமிருந்து விலகியிருக்க வேண்டும் என்பது தெரியும்.

சங்கத் தலைவர் நெடுநேரம் யோசித்தார்.

"அப்படின்னா நர்சம்மா, நம்ம உலகநாதனுக்கு மொதலாளியே தன் கையால குடுத்துருக்காக?"

"கையால இல்லைய்யா. மூக்கால."

"எதால குடுத்தா என்ன, அவுக குடுத்ததுல்லா" என்றார் தலைவர். சபை முழுவதும் திரும்பி உலகநாதனைப் பார்த்தது. நெற்றியில் சுக்குப் பத்தும் கழுத்தில் கம்பளித் துணியுமாக மூலையில் ஒடுங்கியிருந்த அந்த மனிதர், தம் பெயர்த்துணியை மெல்ல அவிழ்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து துகில்பட்டியில் காய்ச்சலுக்குக் குலங்கோத்திரம் உண்டாயிற்று. முதலாளியிடமிருந்து நேராகப் பெற்றது முதல் தரம். உலகநாதனிடமிருந்து பெற்றது இரண்டாம் தரம். கோமதியம்மாளின் வழி வந்தது பெண்வழி என்று ஒரு படி குறைத்து மதிக்கப்பட்டது. பெண் பார்க்க வந்தவர்கள், பையனுக்கு எத்தனை தறி என்று கேட்குமுன் யார் காய்ச்சல் என்று கேட்டார்கள். அரங்கசாமிக்கு அப்போதும் காய்ச்சல் இருந்தது. சர்க்கரை உள்ள உடம்பாகையால், மற்றவரை ஒரு வாரத்தில் விட்டுப்போகும் நோய் அவரை விட மனமின்றித் தங்கியிருந்தது. அவருடைய பங்களா வாசலில், நோயாளியை விசாரிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு, சாத்துக்குடிப் பையும் ரொட்டிப் பொட்டலமுமாக மழையில் நனைந்து வரிசை நின்றது. காய்ச்சல்காரரைப் போய்ப் பார்க்காவிட்டால் தலைமுறைக்கும் பகை என்று இருந்த பழைய வழக்கத்துக்கு, இப்போது பலனும் சேர்ந்துகொண்டது. கிடைத்தவர்கள், காய்ச்சல் கண்டதும் நாற்சந்திக்கு வந்து நின்று, முகத்தைத் திறந்து, கூட்டம் சேர்ந்த பிறகே தும்மினார்கள். இரட்டை ஊசி வைத்தியர் என்று ஊரில் பெயரெடுத்த தனியார் மருத்துவர், முதல் தரக் காய்ச்சலுக்கு மூன்று ஊசி என்று விதி வகுத்தார். இது வைரஸ் காய்ச்சல், இதற்கு அவர் போடும் ஊசி வேலை செய்யாது, ஓய்வும் கஞ்சியும் தண்ணீரும் சூட்டுக்கு ஒரு மாத்திரையும் போதும், மூச்சு வாங்கினால் மட்டும் ஒரு நாழிகை தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று சண்முகவடிவு வீடு வீடாகச் சொன்னாள். "ஊசி போடாம எறங்குனா அது காய்ச்சலா நர்சம்மா?" என்று அவளையே திருப்பிக் கேட்டார்கள்.

எல்லாருக்கும் நல்ல பெயர் வாய்க்கவில்லை. நான்கு தலைமுறையாகத் தம் வீட்டு நிழலை இன்னார் மிதித்ததில்லை என்று பெருமை பேசிவந்த ஒருவர், தம் வீட்டுச் சாக்கடை அள்ளுபவரின் பெயரைத் தும்மிவிட்டார். கூலியில் இருபது ரூபாய் குறைப்பதற்காக அவரோடு முகத்துக்கு முகம் அரை மணி நேரம் வழக்காடியிருந்தார். அன்று முதல் அவர் நெல் குதிருக்குள் போய்த் தும்மினார். இத்தகையோர் மட்டும் பெயர்த்துணியை இன்னும் இறுக்கிக் கட்டினார்கள். அதனால் துணி கட்டியவரெல்லாம் ஏதோ ஒரு பெயரை மறைக்கிறார் என்று ஊர் பேசிற்று. பேச்சுக்கு அஞ்சி, மறைக்க ஒன்றுமில்லாதவர்களும் அவிழ்த்தார்கள். இரண்டே நாளில் துகில்பட்டியில் துணி கட்டிய முகம் சண்முகவடிவுடையது ஒன்றுதான். குறிப்பேட்டில் அன்றைய எண் தொண்ணூற்று நான்கு.

தன் வீட்டில் அவள் ஒரு துளியும் விட்டுக்கொடுக்கவில்லை. சுடலைமுத்துவுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். மழையானாலும் சன்னல் திறந்தே இருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் அவள் அவரருகே போவதில்லை. விசாரிக்க வந்தவர்களை வாசற்படியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாள்.

"இந்தா, ஒரு மனுச முகம் பார்த்து எட்டு நாளாச்சு" என்றார் சுடலைமுத்து. மணமான நாள்முதல் அவர் அவளை 'இந்தா' என்றுதான் கூப்பிடுவார்.

"என் முகம் இருக்குல்லா?"

"அத முப்பது வருசமாப் பாக்கேன்."

"இன்னும் முப்பது வருசம் பாக்கணும்னா பேசாம படுங்க."

அரங்கசாமிக்கு இந்தப் பெருமை பிடித்துப்போயிற்று. வரிசையில் வருபவர்களுக்கு மட்டும் கொடுப்பது போதாது, வர இயலாத பழைய தொழிலாளிகளின் வீட்டுக்குத் தாமே நடந்துபோய் நலம் விசாரிப்பது என்று அவர் முடிவெடுத்தார். ஐப்பசி இருபத்தாறாம் நாள் மாலை நான்கு மணிக்கு, ஒரு புறம் சாத்துக்குடிக் கூடையோடு உலகநாதனும், மறுபுறம் தலைக்கு மேல் குடை பிடித்தபடி மில்லில் பொதி தூக்கும் பிச்சைக்கண்ணுவும் வர, அவர் சண்முகவடிவின் தெருவுக்குள் நுழைந்தார். தெரு முழுதும் வாசலுக்கு வந்தது.

சண்முகவடிவு படியில் வந்து நின்றாள். முகத்தில் துணி இருந்தது. எதிர்வீட்டுப் பேச்சியம்மாள், மழையையும் மீறிக் கேட்கும்படி, "மொதலாளி வந்து நிக்காக, அப்பமும் அவுக்கல பாரு. ஊருக்கெல்லாம் நாயம் சொல்லுதவ எவன் பேர மூடி வச்சிருக்காளோ?" என்றாள். யாரோ சிரித்தார்கள்.

ஒரு குறையும் சொல்ல இடம் வைக்காமல் முப்பத்தோராண்டு இந்தத் தெருக்களில் நடந்தவள் சண்முகவடிவு. அறிவுக்கும் மானத்துக்கும் நடுவே அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு அவள் பின்கழுத்து முடிச்சை அவிழ்த்து, துணியைக் கையில் எடுத்துக்கொண்டு, முகம் திறந்து நின்றாள்.

"என்னம்மா சம்முகவடிவு, சொடலமுத்து எப்படி இருக்கான்?" என்றார் அரங்கசாமி. "நம்ம மில்லுல ஒழைச்ச ஒடம்பு. ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

"ரொம்ப சந்தோசம் மொதலாளி. பாக்க வேண்டாம்."

"என்னது?"

"ஒங்களுக்குக் காய்ச்சல் இருக்கு. அவுக நெஞ்சு தாங்காது. காய்ச்சல் நல்லா விட்டு ஒரு நாள் கழிச்சு வாங்க. நாற்காலி போட்டு உக்கார வைக்கேன்."

"நர்சம்மா, வெவரம் புரியாமப் பேசாதீங்க" என்றார் உலகநாதன். "அவனவன் ரெண்டு நாளா மழையில நிக்கான். ஒங்களுக்கு வீடு தேடி வந்து குடுக்காக."

"எங்க வீட்டுக்கு வேண்டாம் அண்ணாச்சி."

உள்ளேயிருந்து சுடலைமுத்துவின் குரல் வந்தது: "இந்தா, யாரு, மொதலாளியா? உள்ள வரச் சொல்லேன். இருபத்தெட்டு வருசத்துல ஒரு தடவ அவுக எம் பேரச் சொல்லி..." மீதியை மூச்சு தின்றுவிட்டது.

"நீங்க எந்திரிக்கக் கூடாது" என்று அவள் திரும்பாமலே சொன்னாள்.

வேலைக்கு இருந்தவனின் பெண்டாட்டி வாசலில் மறிக்கிறாள் என்பது அரங்கசாமிக்கு உறைக்கச் சற்று நேரம் ஆயிற்று. உறைத்ததும் ஒரு படி ஏறி, முகத்துக்கு நேரே குனிந்து, "நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்க வாய் திறந்தார். வந்தது தும்மல். அது சண்முகவடிவின் கண்ணிலும் மூக்கிலும் தெறித்தது. அதன் வாலாக, தெருக்கோடிவரை கேட்கும்படி ஒரு பெயர் வந்தது.

"பிச்சைக்கண்ணு."

குடை ஆடிற்று. எவரையும் நான்கடிக்கு அப்பால் நிறுத்திப் பேசுவது அரங்கசாமியின் வழக்கம். ஆனால் மழைக்காலத்தில் குடை பிடிப்பவரை அப்பால் நிறுத்த இயலாது. காரிலிருந்து அலுவலகத்துக்கும் அலுவலகத்திலிருந்து கிடங்குக்கும் ஒரு நாளைக்கு எட்டு முறை, அவர் காதுக்கும் பிச்சைக்கண்ணுவின் மூக்குக்கும் ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. பங்களா அறைக்குள் தும்மியபோதெல்லாம் அவர் வானொலியை உரக்க வைத்துக்கொண்டதன் காரணம் அன்று விளங்கிற்று.

"ஏ ஆத்தா, இது மூட்ட தூக்குத பிச்சக்கண்ணுல்லா!" என்றாள் பேச்சியம்மாள்.

அரங்கசாமி குடைக்கு வெளியே இறங்கி, நனைந்துகொண்டே நடந்தார். அவர் பின்னே போவதா, நிற்பதா என்று தெரியாமல், ஒருவருமற்ற இடத்துக்குக் குடை பிடித்தபடி பிச்சைக்கண்ணு நடுத்தெருவில் நின்றார். வாசல்களில் நின்றவர்கள் மனத்துக்குள் வம்சாவளியைக் கூட்டிப் பார்த்தார்கள். முதல் தரமும் இரண்டாம் தரமும் பெண்வழியும் ஒரே இடத்தில் போய் முடிந்தன. இருட்டுமுன் துகில்பட்டியில் எல்லா முகங்களிலும் துணி ஏறிவிட்டது.

மறுநாள் சங்கம் பிச்சைக்கண்ணுவை நிறுத்தி விசாரித்தது.

"காய்ச்சலோட வேலைக்கு ஏன்டா வந்த?"

"வராட்டா கூலி இல்லீங்க."

இது குற்ற ஒப்புதலாகப் பதிவாயிற்று. காய்ச்சல்காரரை வேலைக்கு நிறுத்தியவர் யார் என்றும் கேளுங்கள் என்று சண்முகவடிவு எழுந்து சொன்னாள். நேரமாகிவிட்டது என்றார்கள். அவள் வீட்டுக்கு வந்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, சுடலைமுத்துவின் அருகில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்து, முதலாளியை வாசலில் மறித்த கதையை இன்னொரு முறை சொன்னாள். அவர் சிரித்தார். அன்று அவளுக்கு ஒரு நோவும் இல்லை.

மறுநாள் காலை அவள் தும்மினாள், "அரங்கசாமி" என்றாள். உடனே பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அங்கிருந்தபடியே கணக்கிட்டாள். நோய் தெரிவதற்கு முந்திய நாள். அவளே சங்கத்தில் சொன்ன வாக்கியம் அது.

அதற்கடுத்த நாள் முற்பகலில் சுடலைமுத்துவுக்கு நடுக்கம் கண்டது. அவர் தும்மவில்லை. கதவிடுக்கு வழியாக அவள் பார்த்தாள்: துண்டை மூக்கோடு சேர்த்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, கண் பிதுங்க, தோள் குலுங்க அவர் எதையோ விழுங்கிக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன. அவள் முகத்தில் துணியை இரட்டையாகக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"எதுக்கு அடக்குதீக?"

அவர் சன்னலைக் கண்ணால் காட்டினார். "பேச்சியம்மா நிக்கா."

"நின்னா நிக்கட்டும்."

"ஊருக்கெல்லாம் சொன்னவ நீ." ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் அவருக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது. "உம் பேரு... வெளிய போவக் கூடாது."

அவள் சாத்தியிருந்த இன்னொரு சன்னலையும் வாசற்கதவையும் அகலத் திறந்துவைத்தாள், ஆம்புலன்ஸுக்குப் பேசினாள், பிறகு அவர் கைகளைத் துண்டோடு பிடித்து மூக்கை விட்டு விலக்கினாள்.

"தும்முங்க. இந்த மூச்சுல பாதிய எம் பேர மறைக்கவா செலவழிப்பீக? தும்முங்க."

அவர் தும்மினார். முப்பதாண்டு இல்லறத்தில் முதன்முறையாக அவர் வாயிலிருந்து அவள் பெயர் வந்தது. "சண்முகவடிவு." எதிர்வீட்டு வாசலில் சிரிப்பு எழுந்தது. "சண்முகவடிவு." தெருவில் ஆள் கூடிற்று. வண்டி தெருவுக்குள் வரமுடியாமல் நாற்சந்தியிலேயே நிற்க, ஆறு வீட்டுத் தூரம் படுக்கையில் தூக்கிக்கொண்டு போனார்கள். மழையும் பகல் வெளிச்சமும் சேர்ந்திருந்த அந்தத் தெரு நெடுகிலும் அவர் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொரு முறையும், பக்கத்தில் நடந்த அவள், இரண்டு புறத்து வாசல்களையும் பார்த்து, "ஆமா, நான்தான் குடுத்தேன்" என்றாள். "அன்னைக்கு நீங்க சிரிச்சீகன்னு துணிய அவுத்தேன். அதனால குடுத்தேன்." நான்காவது வீட்டைத் தாண்டும்போது சிரிப்பு நின்றிருந்தது. ஆறாவது வீட்டில், வாசலில் நின்றவர்கள் தாங்களாகவே உள்ளே போய்க் கதவுக்குப் பின்னிருந்து பார்த்தார்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில், நோய் கண்டு இரண்டு நாள் ஆகுமுன் வந்தது நல்லதாயிற்று என்று சொல்லி, அந்த வைரஸை அடக்கும் மாத்திரையைத் தொடங்கினார்கள். ஒன்பது நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். ஏழாம் நாள் அவருக்குப் பெயரில்லாத தும்மல் ஒன்று வந்தது. ஒன்பதாம் நாள் குழாயை எடுத்துவிட்டு மூச்சு விடச் சொன்னார்கள், விட்டார். கார்த்திகைக் கடைசியில் மழை ஓய்ந்தபோது ஊரிலும் தும்மல்கள் பழையபடி ஊமையாயின. எந்த நாளில் என்று ஒருவருக்கும் நினைவில்லை.

பின்னர் அவரவர் செலுத்தியவை இவை. முதலாளிக்கு முன்னனுமதியின்றிக் காய்ச்சல் கொடுத்த குற்றத்துக்காகப் பிச்சைக்கண்ணு ஐந்நூற்றொரு ரூபாய் அபராதத்தை நான்கு சனிக்கிழமைகளில் செலுத்தி, மார்கழி இருபத்துநான்காம் நாள் தீர்த்தார். அரங்கசாமி, ஆறடிக் காம்புள்ள குடை ஒன்று செய்வித்து, தை மூன்றாம் நாள் அதற்குரிய இரண்டாயிரத்து நூறு ரூபாயைக் கொடுத்தார். முதற்காற்றில் அது முறிந்தது. சுடலைமுத்து பேருந்துப் படி ஏறும் வலுவைச் செலுத்தினார்; அது திரும்பவில்லை. சண்முகவடிவு அடுத்த ஆவணி இரண்டாம் நாள் பக்கத்து நகரத்துக்குப் போய் மூன்று தடுப்பூசிகளுக்குக் காசு கட்டினாள்: அவருக்கு ஒன்று, தனக்கு ஒன்று, பிச்சைக்கண்ணுவுக்கு ஒன்று. ஊசி போட்டால் முழுதும் வராமலே போய்விடாது, வந்தாலும் கடுமை குறையும் என்று அவள் சொல்லியிருந்தபடியே, ஐப்பசியில் பிச்சைக்கண்ணுவுக்கு இலேசாகக் காய்ச்சல் கண்டது. வேலைக்குப் போகாதீர்கள் என்று அவள் சொன்னாள். "கூலி யாரு தருவா நர்சம்மா?" என்று அவர் கேட்டார். அவர் நான்கு நாள் வீட்டிலிருந்தார். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மில்லில் அவர் கூலியில் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். அதில் பாதியைச் சண்முகவடிவு கார்த்திகையில் சம்பளம் வாங்கியதும் அவரிடம் கொடுத்தாள். மறு பாதியை அவரே செலுத்தினார். அந்த மழைக்காலத்தில் மில்லில் ஒருவரும் காய்ச்சலில் படுக்கவில்லை.